எதைப் பேசினாலும் குற்றமா? புதிதாக வந்தவர்களுக்குப் பேச்சு பற்றிச் சில குறிப்புகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குள் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்துவிடும். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர், "இந்தக் காலத்தில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது, எல்லாம் பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்" என்று அலுத்துக்கொள்வார். எதிரில் இருப்பவர், "அடுத்தவரைப் புண்படுத்தாமல் பேசு என்று சொன்னால் அதற்கு இத்தனை புலம்பலா?" என்பார். பிறகு இருவரும் உங்களைப் பார்ப்பார்கள். நிறத்தாலும் பெயராலும் நீங்கள் சாட்சி ஆக்கப்பட்டுவிட்டீர்கள்.

பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வங்கிக் கணக்கு, வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேச்சைப் பற்றிச் சொல்வார் இல்லை; சொன்னாலும் "வாயை மூடிக்கொண்டு இரு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது.

யாரையும் புண்படுத்தாத சொற்களாகப் பார்த்துப் பேச வேண்டும் என்பதைக் குறிக்கும் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' தமிழில் 'அரசியல் சரிநிலை' என்று எழுதப்படுகிறது. இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்க இடதுசாரிகள் தங்களுக்குள்ளேயே இதைக் கிண்டலாகப் புழங்கினார்கள். கொள்கையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் தோழர் யாராவது இருந்தால் அவருக்கு இந்தப் பட்டம். 1990, 1991 ஆண்டுகளில் அது பத்திரிகைகளுக்கு வந்து, எதிர்முகாமின் ஆயுதமாகிவிட்டது. 1991 மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அன்றைய அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் இதைப் பற்றியே பேசினார். இனவெறி, பாலினப் பாகுபாடு போன்ற குப்பைகளைக் கூட்டித் தள்ளும் நல்ல நோக்கத்தில்தான் இது பிறந்தது, ஆனால் பழைய தப்பெண்ணங்களின் இடத்தில் புதியவற்றை வைக்கிறது என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரு தரப்பும் ஏறக்குறைய அதே வரிகளைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

"நான் அரசியல் சரிநிலைக்காரன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அது எப்போதும் எதிராளிக்குச் சூட்டும் பெயர். ஆகவே ஒருவர் அந்தச் சொல்லை எடுத்தவுடன் தலையாட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். யார், யாரிடம், என்ன சொன்னார், அதன் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பத்தில் பாதிப் புலம்பல் அந்தக் கேள்வியிலேயே கரைந்துவிடும். மீதிப் பாதியில் விஷயம் இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

2018இல் அமெரிக்காவில் 'மோர் இன் காமன்' அமைப்பு வெளியிட்ட ஓர் ஆய்வில், அரசியல் சரிநிலை நாட்டுக்கு ஒரு பிரச்சினை என்றவர்கள் 80 விழுக்காடு. வெறுப்புப் பேச்சு ஒரு பிரச்சினை என்றவர்கள் 82 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்பது தொலைக்காட்சி விவாதத்துக்கு வசதியான படம்.

சட்டம் எங்கே முடிகிறது?

புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். சட்டம், அலுவலக விதி, வெறும் மரியாதை ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மரியாதைக் குறைவுக்கு யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் சட்டம் தொடாத பேச்சுக்கும் வேலை போகலாம். அமெரிக்காவில் பேச்சுரிமை தரும் முதல் சட்டத்திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் முதலாளியின் கையை அல்ல. "இது சுதந்திர நாடு" என்று சொல்லிக்கொண்டே வேலையை இழந்தவர்கள் அங்கே உண்டு.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயது, மாற்றுத்திறன், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம் முதலிய ஒன்பது அடையாளங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. துன்புறுத்தல் என்று அந்தச் சட்டம் சொல்வதற்கு உங்கள் உள்நோக்கம் கட்டாயமில்லை. உங்கள் பேச்சின் விளைவே போதும். அதாவது "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது உங்களைத் தானாகக் காப்பாற்றாது. அதேநேரம், கேட்டவர் மனம் நொந்தார் என்பது மட்டும் போதாது; அப்படி நொந்தது நியாயமா என்றும் தீர்ப்பாயம் பார்க்கும். இந்த இரண்டாம் பாதியை அலுவலகப் பயிற்சியில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2022இல் இங்கிலாந்தில் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், சக ஊழியரை வழுக்கை என்று குறிப்பிட்டுத் திட்டியது பாலினம் சார்ந்த துன்புறுத்தல் என்று தீர்ப்பளித்தது. வழுக்கை ஆண்களுக்கே பெரிதும் விழுவதால் அது பாலினத்தோடு தொடர்புடையது என்பது காரணம். "இனி வழுக்கை என்று சொன்னாலே குற்றம்" என்று கேலி பறந்தது. ஆனால் நடந்தது என்ன? தொழிற்சாலையில் வாக்குவாதம் முற்றி, வழுக்கையோடு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துத் திட்டி, அடிப்பேன் என்று மிரட்டியும் இருக்கிறார்கள். 2023இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது மிகை. முழுவதையும் படித்தவருக்கு அவ்வளவு மிகையாகத் தெரியாது. ஆனாலும் வழுக்கையைப் பாலினத்தோடு முடிச்சுப் போட்ட தர்க்கம் எனக்குச் சற்று இழுத்துக் கட்டியதாகவே படுகிறது. வெறும் மிரட்டல் என்று தண்டித்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நம் விஷயத்துக்கு வருவோம்: சொட்டை, குண்டு, கறுப்பு, நெட்டை எல்லாம் நமக்கு அன்பின் அடைமொழிகள். அந்த அன்பு மொழிபெயர்ப்பில் முதலில் தொலைந்துபோகும். "இளைத்துவிட்டாயே, உடம்புக்கு என்ன?" என்பதைக்கூட அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

கனடாவில் 2017இல் நிறைவேறிய சி-16 சட்டம் பற்றியும் பெரிய கூச்சல். ஒருவரைத் தவறான பிரதிப்பெயரால் ('அவன்', 'அவள்' போன்ற சொல்லால்) குறித்தால் சிறை என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அந்தச் சட்டம் மனித உரிமைச் சட்டத்திலும் குற்றவியல் சட்டத்தின் வெறுப்புக் குற்றப் பிரிவுகளிலும் பாலின அடையாளத்தைச் சேர்த்தது. பிரதிப்பெயர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆஸ்திரேலியாவின் இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி பிரிவு, இனத்தின் பெயரால் ஒருவரைப் பொதுவெளியில் புண்படுத்துவதும் அவமதிப்பதும் சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அது சிவில் பிரிவு, குற்றவியல் அல்ல. 'புண்படுத்துவது' என்ற சொல் மிகத் தாழ்வான வரம்பு என்று வாதாடி அதைத் திருத்த முயன்றார்கள். 2017இல் மேலவை நிராகரித்தது. அந்த வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கை வேறு, நடத்தை வேறு. பிறவிப் பாலினம் மாறாது என்ற நம்பிக்கைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2021இல் பிரிட்டனின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அதே தீர்ப்பாயம், அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு திருநர்களைத் துன்புறுத்த உரிமை கிடையாது என்றும் கூறியது. உங்கள் மத நம்பிக்கைக்கும் இதுவே அளவுகோல்.

மிகையாகும் இடங்கள்

மிகையே இல்லை என்று சாதிப்பவர்களை நம்பாதீர்கள். 2022 இறுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 'அமெரிக்கர்' என்பதற்குப் பதில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமகன்' என்று சொல்ல வேண்டுமாம். ஊரே சிரித்த பிறகு அடுத்த மாதமே பட்டியல் மறைந்தது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சளைத்ததல்ல: 2025 பிப்ரவரியில், அரசு சூட்டிய 'அமெரிக்க வளைகுடா' என்ற புதுப் பெயரை ஏற்காமல் 'மெக்சிகோ வளைகுடா' என்றே எழுதுவோம் என்ற காரணத்துக்காக அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்களை வெள்ளை மாளிகை தன் நிகழ்ச்சிகளுக்குள் விடவில்லை. அரசியல் சரிநிலையே நாட்டின் பெரிய பிரச்சினை என்று 2015 தேர்தல் விவாத மேடையில் முழங்கிய டொனால்ட் ட்ரம்பின் ஆட்சியில்தான் இது நடந்தது.

எனக்கு உண்மையான எரிச்சல் வேறு. இணையவழிப் பயிற்சியில் 'அடுத்து', 'அடுத்து' என்று பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் இறுதியில் சான்றிதழ் கிடைக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்தால் எப்போதும் ஒரே மாதிரிப் பெயர்கள். சொல்லைக் கழுவித் துடைப்பது மலிவானது, அதனால் நிறுவனங்கள் அதை முதலில் செய்கின்றன.

"எந்த ஊர்?"

2022 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனை வரவேற்பு ஒன்றில், மறைந்த அரசியாருக்கு நெடுங்காலம் தோழியாக இருந்த மூதாட்டி ஒருவர், பிரிட்டனில் பிறந்த கறுப்பினப் பெண் ஒருவரிடம் "நீங்கள் உண்மையில் எந்த நாடு?" என்று விடாமல் கேட்டார். மறுநாளே பொறுப்பிலிருந்து விலகினார், பிறகு நேரில் மன்னிப்பும் கேட்டார். வயதானவரின் ஆர்வத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்றார்கள் சிலர். "நீ இங்கே சேர்ந்தவள் அல்ல" என்பதை இத்தனை நாசூக்காகச் சொல்ல முடியுமா என்றார்கள் வேறு சிலர். ஒருமுறை கேட்பது ஆர்வம். பதில் கிடைத்த பிறகும் துருவுவதுதான் சிக்கல் என்பது என் கட்சி. இதே கேள்வி உங்களிடமும் வரும். வந்தவுடன் கோபப்பட வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் கோபப்பட்டால் அதையும் தப்பென்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது வேறு கேள்வி.

இந்தக் கேள்வியை நாமும் கேட்கிறோம். இன்னொரு தமிழரைப் பார்த்ததும் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று படிப்படியாக இறங்குகிறோம். மூன்றாவது கேள்வி எதைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் நிறைவேறிய அதுபோன்ற மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் ரத்து செய்தார். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் சாதிப் பாகுபாடு தங்கள் மாகாணச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும் என்று அறிவித்தது. பிரிட்டனில் 2013இல் சட்டத்தில் சாதியைச் சேர்க்க நாடாளுமன்றம் வழி செய்தும், 2018இல் அரசு பின்வாங்கியது. "எங்கள் சமூகத்தை மட்டும் குறிவைக்கிறார்கள், இது மிகை" என்று அப்போது குரல் கொடுத்தவர்களில் பலர், தங்கள்மீது இனவெறிப் பேச்சு விழுந்தால் புகார் செய்யத் தயங்காதவர்கள்.

கறுப்பின மக்களை இழிவாகக் 'காப்பிலி' என்று தமிழில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிச்சலில் பஸ்ஸிலும் ரயிலிலும் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் உட்பட.

நடைமுறைக்கு வருவோம். வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால், திருத்திச் சொல்லி, ஒரு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு வேலையைப் பாருங்கள்; கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தால் எதிரில் இருப்பவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் புகைப்படம், பிறந்த தேதி, மணமானவரா என்ற விவரம் வேண்டாம். நேர்காணல் எடுக்கும் இடத்தில் நீங்கள் அமர்ந்தால் அவற்றைக் கேட்கவும் வேண்டாம்.

உங்களை யாராவது இழிவாகப் பேசினால் அன்றிரவே தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "இனவெறியோடு பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரிப்பவர் கையில் ஒன்றும் இருக்காது. புகாருக்குக் காலவரம்பு உண்டு, சில நாடுகளில் அது சில மாதங்களே. தொழிற்சங்கம் இருந்தால் பிரச்சினை வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். சேர்வதற்கு முன் நடந்த விவகாரங்களைப் பல சங்கங்கள் எடுத்துக்கொள்வதில்லை.