எரிந்ததா, எறிந்ததா, கருகியதா?

‘கடிதத்தை எரிந்துவிட்டாள்’ என்று ஒரு கதையில் வந்தால் வாசகர் என்ன செய்வார்? கொளுத்தினாளா, வீசினாளா? கொளுத்தியிருந்தால் ‘எரித்துவிட்டாள்’, வீசியிருந்தால் ‘எறிந்துவிட்டாள்’. அச்சான வடிவம் இரண்டுமில்லை. எரி என்ற வினை தானாக நிகழும்போது எரிந்தது, ஒருவர் நிகழ்த்தும்போது எரித்தார். அதோடு ர, ற குழப்பமும் சேர்ந்துகொண்டால் கதையே மாறிவிடும். கல் எறிவோம், விறகு எரிப்போம். இலங்கைப் போர்ச் செய்திகளில் வந்த எறிகணையையும் (பீரங்கிக் குண்டு), மழுப்படை ஏந்திய எறிபத்த நாயனாரையும்கூட இடையின ரகரம் போட்டுத் தீயில் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்தது சமையல் குறிப்புகளின் பிழை. ‘தோசை எரிந்துவிட்டது’ என்றால் தோசைக்கல்லில் தீப்பிடித்துவிட்டது என்று பொருள். தோசை கருகும், அல்லது தீய்ந்துபோகும். குழம்பு அடிப்பிடிக்கும். (தீய்ந்ததைத் ‘தீர்ந்தது’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, அப்படியானால் சட்டி காலி.) ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும் என்பதால் தமிழிலும் அப்படியே எழுதுவது வெறும் சோம்பல்.

எரிவதற்குத் தழல் வேண்டும்: விறகு, விளக்கு, வீடு. தழலில்லாமல் எரிபவை உடம்பும் மனமும்தான். பச்சை மிளகாய் அரிந்த விரலால் கண்ணைத் தொட்டால் கண் எரியும். அடுத்தவர் வாழ்வைப் பார்த்தால் சிலருக்கு வயிறு எரியும். இந்த உறைப்புப் பொருள் பழைய உறவுதான். மலையாளத்தில் காரத்துக்கே ‘எரிவு’ என்று பெயர். ஆனால் கொதிக்கும் பால் நாக்கை எரிக்காது, சுடும்.

பழந்தமிழில் ‘எரி’ என்பதே நெருப்புக்கும் பெயர். ‘எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்ற குறளில் (435) வருவது வினையல்ல, நெருப்பு. வைத்தூறு என்பது வைக்கோற்போர்.

‘எரிப்பொருள்’ என்று விலைப் பலகைகளில்கூடப் பார்க்கலாம். எரிந்த, எரிகிற, எரியும் பொருள் என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை; நடுவே ப் வராது. சுடுகாடு, சுடுசோறு போலத்தான். துப்பாக்கிச் சூட்டில் ச் கட்டாயம் வேண்டும், அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சுடு என்பதன் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் சூடு, கெடு கேடானதைப் போல.

இரங்கல் செய்தியில் ‘உடல் எரிக்கப்பட்டது’ என்று எழுதுவது இலக்கணப் பிழையல்ல. ஆனாலும் படிப்பவருக்குக் கொலை வழக்கு நினைவுக்கு வரும். ‘தகனம் செய்யப்பட்டது’, ‘எரியூட்டப்பட்டது’ என்பதே முறை.