அழகு அறுவை சிகிச்சை: மனம் நொந்துபோகாமல் இருக்க

மூக்கைத் திருத்திக்கொள்வதோ வயிற்றுக் கொழுப்பை எடுப்பதோ தவறில்லை. எதிர்பார்ப்பு அளவோடு இருந்தால் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள். அடிபடுவது, மனதில் இருக்கும் வலிக்கு முகத்தில் வைத்தியம் தேடுபவர்கள்தான்.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் இது எளிதில் நடக்கும். கல்யாண வீட்டில் ஒரு சித்தி, "மூக்கு மட்டும் அப்பா மாதிரியே வந்துடுச்சேம்மா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். கேட்ட பெண் அதை வருடக்கணக்கில் சுமப்பாள். வரன் தட்டிப்போனாலும் மூக்கின் மேல்தான் பழி விழும். சர்ஜரி மூக்கை மாற்றும். வரனைக் கொண்டுவராது, பிரிந்தவரைத் திருப்பி அனுப்பாது. காதல் முறிந்த சூட்டோடு தேதி வாங்காதீர்கள்.

செல்ஃபியைக் காட்டி முடிவெடுப்பதும் வேண்டாம். கேமராவை ஓரடி தூரத்தில் பிடித்தால் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் அகலமாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மனநிலையை டாக்டரிடம் மறைப்பது. பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று ஒரு மனநோய் உண்டு. நூற்றில் ஏறத்தாழ 2 பேருக்கு இருக்கிறது. அழகு சிகிச்சை தேடி வருபவர்களிடம் இன்னும் அதிகம். பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இவர்களுக்கு மலையாகத் தெரியும். லிஃப்ட் கண்ணாடி, எம்ஆர்டி ரயில் ஜன்னல் என்று எங்கும் அதையே பார்ப்பார்கள், பேசும்போது கையால் மறைப்பார்கள், வெளியே போவதையே குறைத்துக்கொள்வார்கள். கத்தி இவர்களுக்கு உதவுவது அரிது. மூக்கு சரியானால் கவலை தாடைக்கு நகரும். உண்மையில் உதவுவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் மருந்தும். பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) பேச்சைத் தொடங்கலாம். தேவைப்பட்டால் மனநலக் கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சலுகை விலைக்கு அவசரப்படாதீர்கள். வெறும் அழகுக்கான சிகிச்சைக்கு, மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் பணத்தை எடுக்க முடியாது. கடன் வாங்கிச் செய்தால் மாதத் தவணையும் மனதை அழுத்தும். கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்கு இங்கே 7 நாள் யோசிக்கும் அவகாசம் கட்டாயம். மற்ற சிகிச்சைகளுக்கும் அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், வீட்டுக்குத் தெரியாமல் பாங்காக்குக்கோ சியோலுக்கோ சர்ஜரிக்குப் போய்வருவதும் வேண்டாம். கட்டுப் பிரித்த முதல் வாரங்களில் முகம் வீங்கி, கண்ணடியில் கன்றிப்போய், கண்ணாடியில் யாரோ ஒருவர் நிற்பதுபோல் இருக்கும். அழுகை வரும், "ஏன் செய்தோம்" என்று தோன்றும். இது பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானே தணியும். மூக்கின் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம்கூட ஆகலாம் என்பதால், அந்த நாள்களில் முடிவைப் பற்றித் தீர்ப்பு சொல்லவோ அடுத்த சர்ஜரியைப் பேசவோ கூடாது. கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அக்காவோ தோழியோ, ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோர்வு 2 வாரம் தாண்டியும் விடாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.