திவால் ஆணை வந்த பிறகும் கவுன்சில் வரிக்கு பெயிலிஃப் வந்தார்

இங்கிலாந்தில் 680 பவுண்டு கட்டி ஆன்லைனில் விண்ணப்பித்து திவால் ஆணை வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது, பழைய கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்கு பெயிலிஃப், அதாவது கடனை வசூலிக்க வீட்டுக்கு வரும் அமலாக்க அதிகாரி, கதவைத் தட்டினார். கதவைத் திறக்கவில்லை, எதிலும் கையெழுத்தும் போடவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பேசினேன். கவுன்சிலுக்கு போன் செய்தால் பெயிலிஃபைக் கேளுங்கள் என்றார்கள், பெயிலிஃபோ கவுன்சிலைக் கேட்கச் சொன்னார். இப்படியே 9 நாள் வீணானது. திவாலைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அஃபிஷியல் ரிசீவரின் அலுவலகத்தில், கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்டது என்றார்கள், அதுவும் உண்மைதான்.

அப்புறம்தான் கணக்கு எண்ணைப் பார்த்தேன். வீடு மாறியபோது கவுன்சில் எனக்குப் புது எண் கொடுத்திருந்தது, கடன் பட்டியலில் நான் எழுதியது அதை மட்டும்தான். பெயிலிஃபிடம் இருந்ததோ பழைய வீட்டு எண். பெயிலிஃப் கடிதத்தில் அவர்களுடைய சொந்த எண்தான் பெரிதாக இருக்கும், கவுன்சில் எண் கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு நேராக வரி வசூல் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். ஆணையின் நகல், இரண்டு கணக்கு எண், திவாலானவர் மீதான கடன் வசூல் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும் 1986 திவால் சட்டத்தின் 285ஆம் பிரிவு, வழக்கைப் பெயிலிஃபிடமிருந்து திரும்பப் பெறுங்கள் என்ற ஒரே வரி, அவ்வளவுதான். ரிசீவருக்கும் பழைய எண்ணைத் தெரிவித்தேன். நான்காம் நாள் திரும்பப் பெற்றுவிட்டதாகப் பதில் வந்தது, பெயிலிஃப் சேர்த்திருந்த 75 பவுண்டு, 235 பவுண்டு என்ற இரண்டு கட்டணங்களும் போயின. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.