ஐம்பது வாக்கியங்களில் ஆளுமையை அளப்பது: தமிழில் கேள்வித்தாள் தயாரிப்பு முதல் மதிப்பெண் வரை

ஆய்வேடு, பள்ளி ஆலோசனை, நிறுவனப் பயிற்சி வகுப்பு என்று எங்கே போனாலும் ஆளுமைச் சோதனை ஒன்று கையில் கொடுக்கப்படுகிறது. பாதிக்கு மேல் இணையத்தில் அகப்பட்ட தாளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்ததாகத்தான் இருக்கும். எண் வரும், வண்ண வரைபடமும் வரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டால் தயாரித்தவருக்கே தெரியாது. உளவியல் மாணவர்களும் ஆலோசகர்களும், ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் (காரணிகளாக) பிரித்து அளக்கும் ஐந்து காரணிக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இங்கே.

எந்தக் கோட்பாடு, எந்தக் கருவி

கருவியைத் தேடுமுன் கோட்பாட்டை முடிவு செய்யுங்கள். ஆளுமை எப்படி உருவாகிறது என்று நம்புகிறீர்களோ, அதுதான் எதைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஃப்ராய்டு மரபில் ஆளுமை குழந்தைப் பருவ மோதல்களில் உருவாகிறது. அதன் பெரும்பகுதி நனவிலியில் கிடக்கிறது. அப்படியானால் ஒருவரிடமே நேராகக் கேட்டுப் பயனில்லை. எனவே தெளிவில்லாத படத்தைக் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று கேட்கும் புறத்தேற்று முறைகள் வந்தன: 1921-இல் வெளியான ரோர்ஷாக்கின் 10 மைத்தட அட்டைகள், 1935-இல் மார்கனும் மரேயும் கொண்டுவந்த பொருளறி புலனறிவுச் சோதனை. இவற்றைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாத கையில் அட்டையைப் பார்த்தவரைவிட அட்டையைக் காட்டியவரின் மனம்தான் அதிகம் வெளிப்படும்.

கார்ல் ராஜர்ஸ் வழியில் போனால், ‘நான் இப்படி இருக்கிறேன்’ என்பதற்கும் ‘இப்படி இருக்க விரும்புகிறேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். வாக்கியம் எழுதிய அட்டைகளை இருமுறை அடுக்கச் சொல்லி, இரண்டு அடுக்குக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்ணை, கணக்கிடுவார்கள். பாண்டுராவைப் பொறுத்தவரை ஆள், நடத்தை, சூழல் மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பொதுவாகக் கேட்காமல் ‘மேடையில் 10 நிமிடம் பேச உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, 0 முதல் 100-க்குள்?’ என்று குறிப்பிட்ட செயலைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்வது பண்புக்கூறுக் கோட்பாடு. மனிதர்களிடையே முக்கியமான வேறுபாடு எதுவோ அதற்கு மொழி ஒரு சொல் வைத்திருக்கும் என்பது அதன் தொடக்கம். 1936-இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து ஏறக்குறைய 18,000 சொற்களைப் பொறுக்கினார்கள். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அதைச் சுருக்கிச் சுருக்கி 16 காரணிகளுக்குக் கொண்டுவந்தார். 1961-இல் அமெரிக்க விமானப்படைக்காக ட்யூப்ஸும் கிறிஸ்டலும் செய்த பகுப்பாய்வில் ஐந்துதான் மீண்டும் மீண்டும் எழுந்தன: புறமுகத்தன்மை, இணக்கம், கடமையுணர்வு, உணர்ச்சி நிலைத்தன்மை, அறிவுத்திறப்பு (புதியதை நாடும் மனம்). (‘அழுத்தக்காரர்’, ‘வெள்ளந்தி’, ‘முசுடு’ இவற்றை எந்தக் காரணியில் போடுவது என்று யோசித்துப் பாருங்கள். முசுடு எளிது. அழுத்தக்காரர் மூன்று காரணிகளில் கால் வைத்து நிற்பார்.)

ஒரு எச்சரிக்கை. இந்த ஐந்தும் ஆளை வர்ணிப்பவை, காரணம் சொல்பவை அல்ல. ‘கடமையுணர்வு குறைவு, அதனால்தான் வேலையை முடிக்கவில்லை’ என்பது, வேலையை முடிப்பதில்லை என்று அவர் டிக் செய்ததையே திருப்பிச் சொல்வது. இரட்டையர் ஆய்வுகளில் வரும் ‘40 முதல் 50 சதவீதம் மரபணு’ என்பதையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு குழுவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்றுதான் பொருள். ஒருவருடைய கோபத்தில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று கணக்குப் போட முடியாது.

பயிற்சி வகுப்புகளில் புழங்கும் 16 வகை மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை இதற்கு வேண்டாம். மதிப்பெண்ணை நடுவில் வெட்டி ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது. நடுவில் நிற்பவர்கள்தான் எங்கும் அதிகம் என்பதால் மறுமுறை எழுதும்போது பலருக்கு வகை மாறிவிடுகிறது. 567 வாக்கியங்கள் கொண்ட எம்.எம்.பி.ஐ-2 நோய்நிலை மதிப்பீட்டுக்கானது. இந்தியாவில் அது இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரின் வேலை.

தாள்

லூயிஸ் கோல்ட்பர்க் தொடங்கிய இன்டர்நேஷனல் பெர்சனாலிட்டி ஐட்டம் பூல் (ஐ.பி.ஐ.பி.) என்ற தொகுப்பில் 3,000-க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் உள்ளன. பதிப்புரிமை இல்லை, மொழிபெயர்க்க அனுமதியும் கட்டணமும் வேண்டாம். கேட்டலின் 16 பி.எஃப்., ஐந்து காரணிகளை அளக்கும் நியோ போன்ற சோதனைத் தாள்கள் விலைக்கு விற்கப்படுபவை, நகல் எடுத்துக் கொடுப்பது குற்றம். ஐ.பி.ஐ.பி.யின் 50 வாக்கியத் தாளில் காரணிக்குப் பத்து வாக்கியம். 1, 6, 11, 16 என்று ஐந்தைந்தாகத் தாண்டினால் புறமுகத்தன்மை. 2, 7, 12 இணக்கம். 3, 8, 13 கடமையுணர்வு. 4, 9, 14 உணர்ச்சி நிலைத்தன்மை. 5, 10, 15 அறிவுத்திறப்பு. வரிசையைக் கலைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு: கெடுவது இங்கேதான்

முதல் வாக்கியமே சிக்கல். ஆங்கிலத்தில் ‘பார்ட்டியின் உயிர்’ என்று இருக்கும். இயந்திரத்திடம் கொடுத்தால் பார்ட்டி கட்சியாகிவிடும் ஆபத்து உண்டு. சரியாகவே பெயர்த்தாலும், பார்ட்டிக்கே போகாதவர் என்ன டிக் செய்வார்? ‘நாலு பேர் கூடிய இடத்தைக் கலகலப்பாக்கிவிடுவேன்’ என்றால் கல்யாண வீட்டுக்கும் பொருந்தும், அலுவலக டீ நேரத்துக்கும் பொருந்தும்.

இதைவிடப் பெரிய தலைவலி எதிர்மறை. ‘நான் அதிகம் பேசமாட்டேன்’ என்று எழுதி, எதிரே ‘பொருந்தாது’ என்று கட்டம் வைத்தால், வாயாடி ஒருவர் ‘பேசமாட்டேன் என்பது பொருந்தாது’ என்று இரட்டை எதிர்மறையை மனதில் அவிழ்க்க வேண்டும். பலர் ‘இல்ல, நான் பேசுவேன்’ என்று நினைத்துக்கொண்டே தவறான முனையில் டிக் செய்வார்கள். ‘நான் பேசுவது குறைவு’ என்று மாற்றிவிடுங்கள். பொருள் அதேதான், எதிர்மறை வினை போய்விட்டது. 50 வாக்கியங்களிலும் ‘மாட்டேன்’, ‘இல்லை’, ‘கிடையாது’ எங்கே வருகின்றன என்று தேடி, மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றுங்கள். 19-ஆவது வாக்கியத்தையும் ‘மனம் சோர்ந்துபோவதில்லை’ என்று எழுதாமல் ‘மனம் சோர்ந்துபோவது அபூர்வம்’ என்று எழுதலாம்.

வேறு சில:

சொல்வளம் பற்றிய 5-ஆவது வாக்கியத்தைப் படிக்கும்போது பலருக்கு மனதில் ஓடுவது ஆங்கிலம். ‘எனக்குச் சொல்வளம் அதிகம்’ என்பதற்கு ஆங்கில வழியில் படிக்காத நல்ல தமிழ் வாசகர் ‘பெரும்பாலும் பொருந்தாது’ என்று போட்டுவிடுவார். ‘பேசவும் எழுதவும் எனக்குச் சொற்பஞ்சம் வந்ததே அபூர்வம்’ என்பது தேவலை.

வீட்டுவேலையை உடனுக்குடன் முடிப்பது பற்றிய வாக்கியம் கடமையுணர்வுக்கானது. மகனிடம் வீட்டுவேலையே தராத குடும்பங்களில் அது கடமையுணர்வை அளக்காது, வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார் என்பதைத்தான் அளக்கும். ‘என் பொறுப்பில் உள்ள வேலைகளைத் தள்ளிப்போடாமல் முடிப்பேன்’ என்றால் இருபாலருக்கும் சமம்.

‘சொதப்பிவிடுவேன்’ சென்னையில் கச்சிதமான சொல், யாழ்ப்பாணத்தில் தடுமாற வைக்கும். தாள் எந்த ஊருக்கு என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த ஊர் எட்டாம் வகுப்புப் பாடநூல் அளவுக்கு நடையை வையுங்கள்.

இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர்க்கட்டும். உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். விலகும் வாக்கியங்கள் அகப்படும். பிறகு 8 முதல் 10 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்தவுடன் என்ன தோன்றியது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் சங்கதியெல்லாம் இங்கேதான் தெரியவரும்.

விடைக் கட்டங்கள் ஐந்து: சற்றும் பொருந்தாது (1), பெரும்பாலும் பொருந்தாது (2), பாதிக்குப் பாதி (3), பெரும்பாலும் பொருந்தும் (4), முழுக்கப் பொருந்தும் (5). நடுக்கட்டத்துக்குத் ‘தெரியாது’ என்று பெயர் வைக்காதீர்கள். தெரியாமை ஓர் அளவு அல்ல, ஆனால் கணக்கில் அதற்கு 3 விழும்.

கொடுப்பது

தாளின் தலையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இப்போது பொதுவாக எப்படி இருக்கிறீர்களோ அப்படி; இருக்க விரும்புவதுபோல அல்ல; உங்கள் வயதை ஒத்த உங்கள் பாலினத்தவரோடு ஒப்பிட்டு. மூன்றாவதை விட்டால் ஒருவர் அண்ணனோடும் இன்னொருவர் சினிமா நாயகனோடும் ஒப்பிட்டுக்கொள்வார். 10 நிமிடம் போதும். ஆசிரியரோ மேலாளரோ வரிசை வரிசையாக நடந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பெற்றோர் பக்கத்தில் உட்காரக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தினால் எல்லாருமே கடமையுணர்வில் உச்ச மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், அந்தத் தரவால் பயனில்லை.

மதிப்பெண்

எதிர்த்திசை வாக்கியங்களை (‘நான் பேசுவது குறைவு’ போல, பொருந்தும் என்றால் அந்தப் பண்பு குறைவு என்று காட்டுபவற்றை) முதலில் திருப்ப வேண்டும்: 6-லிருந்து விடையைக் கழியுங்கள். புறமுகத்தன்மையில் 1, 11, 21, 31, 41 நேர். 6, 16, 26, 36, 46 எதிர். ஒருவர் நேர் வாக்கியங்களுக்கு 3, 5, 4, 3, 2 போட்டிருக்கிறார், கூட்டினால் 17. எதிர் வாக்கியங்களுக்கு 2, 2, 1, 4, 3. திருப்பினால் 4, 4, 5, 2, 3, கூட்டினால் 18. மொத்தம் 35. திருப்ப மறந்திருந்தால் 29 வந்திருக்கும், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

உணர்ச்சி நிலைத்தன்மையில் 9, 19 மட்டுமே நேர்; மீதி எட்டும் எதிர். அதிக மதிப்பெண் என்றால் அமைதியான ஆள். சிலர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, அமைதியானவரைக் கூப்பிட்டு ஆலோசனை சொல்கிறார்கள்.

இனி, தாளைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டுப் போனவரைக் கவனியுங்கள். புறமுகத்தன்மையில் ஐந்து நேர், ஐந்து எதிர்: 30. இணக்கம், கடமையுணர்வு இரண்டிலும் ஆறு நேர், நான்கு எதிர்: 32, 32. உணர்ச்சி நிலைத்தன்மை 24. அறிவுத்திறப்பில் ஏழு நேர், மூன்று எதிர்: 34. பார்த்தால் ‘புதுமை விரும்பி, நல்லவர், கொஞ்சம் கவலைப்படுபவர்’ என்று அழகான ஆளுமைச் சித்திரம்! ஆள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆகவே கூட்டுவதற்கு முன், திருப்பாத மூல விடைகளில் ஒவ்வொருவருடைய திட்ட விலக்கத்தையும் (விடைகள் அவற்றின் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவையும்) பாருங்கள். சுழியமோ அதற்கு மிக அருகிலோ இருந்தால் அந்தத் தாளை ஒதுக்குங்கள். கணினியில் எழுதியவர் வாக்கியத்துக்கு 2 விநாடிக்கும் குறைவாக, அதாவது மொத்தம் 100 விநாடிக்குள் முடித்திருந்தாலும் அதேதான். பத்தில் ஒரு விடை விடுபட்டால் மற்ற ஒன்பதின் சராசரியைப் போடலாம்; மூன்று விடுபட்டால் அந்தக் காரணிக்கு அவருக்கு மதிப்பெண் கிடையாது.

100 பேராவது எழுதிய பிறகு ஒவ்வொரு காரணிக்கும் ஆல்ஃபா நம்பகக் கெழுவை, அதாவது அதன் பத்து வாக்கியங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்ணை, கணக்கிடுங்கள். 0.70-க்குக் கீழே போனால் பத்து வாக்கியங்களையும் தனித்தனியே மற்ற ஒன்பதின் கூட்டலோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று எதிர்மறை ஒட்டுறவு காட்டினால் ஒன்று திருப்ப மறந்திருக்கிறீர்கள், அல்லது மேலே சொன்ன ‘மாட்டேன்’ சிக்கல் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

பிழை அளவையும் கூடவே போடுங்கள். குழுவின் மதிப்பெண்களுக்குத் திட்ட விலக்கம் 7, ஆல்ஃபா 0.84 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.84 போக 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 7-ஆல் பெருக்கினால் 2.8. இதை 1.96-ஆல் (95 சதவீத உறுதிக்கான எண்) பெருக்க, ஏறக்குறைய 5.5. நம் ஆளின் 35 என்பது 29.5-க்கும் 40.5-க்கும் இடையில் எங்கோ. குழுச் சராசரி 31 என்றால் அவர் சராசரிக்கு மேல் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. இருவரை ஒப்பிடும்போது வித்தியாசம் 8-ஐத் தொடாவிட்டால் பேசாமல் இருப்பது நல்லது. சராசரி உங்கள் குழுவினுடையதாகவே இருக்கட்டும். அமெரிக்க மாணவர்களின் சராசரி ஈரோட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது.

முடிவைச் சொல்வது

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைக் கொடுத்து, தனித்தனியாக எழுதியது என்றார். 5-க்குச் சராசரி 4.26 கொடுத்து ‘எனக்கே எனக்காக எழுதியது’ என்று ஒப்புக்கொண்டார்கள். வாக்கியங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. எனவே நீங்கள் எழுதிய அறிக்கையைத் தாளை நிரப்பியவரிடம் காட்டுமுன், பெயரை மறைத்து வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள். அவர்களும் ‘ஆமாம், இது நான்தான்’ என்றால் அறிக்கை குப்பைக்குப் போகட்டும். ‘உங்கள் வகுப்பு 62 பேரில், புது ஆள்களிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பதில் நீங்கள் மேல் கால்பகுதியில் இருக்கிறீர்கள்’ என்பதுபோல் குழு, செயல், இடம் மூன்றும் இருக்க வேண்டும்.

‘அப்படியானால் நாளைக்கு மேடையில் பேசுவேனா?’ என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பண்புக்கூறு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலின் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு 0.30-ஐத் தாண்டுவது அரிது என்று வால்டர் மிஷல் 1968-இலேயே காட்டினார். பல நாள், பல இடம் சேர்ந்த சராசரி நடத்தையில்தான் பண்பு துலங்கும். நன்றாகப் பழகிய ஒருவரிடமும் இதே தாளைக் கொடுத்து ‘அவர் இப்படி’ என்று நிரப்பச் சொன்னால் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்.

உணர்ச்சி நிலைத்தன்மை மிகக் குறைந்து, பேச்சிலும் வேதனை தெரிந்தால் அறிக்கையை மூடிவைத்துவிட்டு உளவியல் நிபுணரிடம் அனுப்புங்கள். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கோப்பில் மூல விடைகளை ஒரு தாளிலும் திருப்பிய விடைகளை வேறு தாளிலும் வையுங்கள். மூலத்தின் மேலேயே திருப்பினால், எதைத் திருப்பினோம் என்பது ஒரு வாரத்தில் மறந்து, இரண்டாம் முறையும் திருப்பிவிடுவீர்கள். பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு.