அமெரிக்கர்களின் அரசியல் கருத்துக்கணிப்பைப் பிரித்துப் படிப்பது எப்படி?

"அமெரிக்கர்களில் இத்தனை சதவீதம் பேர் இதை ஆதரிக்கிறார்கள்" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால், சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வியைத் தேடுங்கள். பியூ, கேலப் போன்ற கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் கேட்ட கேள்விகளை வார்த்தை மாறாமல் வெளியிடுகின்றன. அந்த ஆவணத்துக்கு டாப்லைன் என்று பெயர். பெரும்பாலும் அறிக்கையின் வாலில் ஒரு பிடிஎஃப் இணைப்பாகக் கிடக்கும். கேள்வியையே வெளியிடாத கணிப்பை வைத்து வாதாடுவது வீண்வேலை.

முதலில் சொல்லைப் பாருங்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொதுச் சமூக ஆய்வு 1980-களிலிருந்து ஒரு வேலை செய்துவருகிறது. 'அரசு இதற்குச் செலவிடும் பணம் அதிகமா, குறைவா, சரியான அளவா?' என்ற ஒரே கேள்வியை, பாதிப் பேரிடம் 'வெல்ஃபேர்' (ஏழைகளுக்கு அரசு தரும் உதவித்தொகை; அங்கே பலருக்குக் கசக்கும் சொல்) என்ற சொல்லை வைத்தும், மீதிப் பேரிடம் 'ஏழைகளுக்கு உதவி' என்ற சொல்லை வைத்தும் கேட்கிறது. 80-களில் 'வெல்ஃபேர்' என்று கேட்டபோது 'குறைவு' என்றவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 'ஏழைகளுக்கு உதவி' என்று கேட்டபோது பத்தில் ஆறு பேருக்கு மேல். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே அரசு.

இதை மக்களின் குழப்பம் என்று தள்ளிவிடக் கூடாது. கஷ்டப்படுகிறவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதும் அமெரிக்க விழுமியம்தான். உழைக்காதவனுக்குச் சும்மா கொடுக்கக் கூடாது என்பதும் அமெரிக்க விழுமியம்தான். பலருக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எது எழுந்து பதில் சொல்வது என்பதைக் கேள்வியில் வரும் சொல் தீர்மானிக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் 'வெல்ஃபேர்' என்பதை 'நலத்திட்டம்' என்று பெயர்த்தால் இந்த விஷயமே தொலைந்துபோகும். நம் சொல்லில் அந்தக் கசப்பு கிடையாது. 'வெல்ஃபேர்' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுப்பது மேல்.

இல்லாத ஒன்றுக்கும் கருத்து கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1970-களில் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் '1975-ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்' பற்றிக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆதரித்தோ எதிர்த்தோ பதில் சொன்னார். அதனால் அதிகம் பேசப்படாத மசோதா பற்றிய கணிப்பில், 'தெரியாது' என்ற விடைக்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்த எண்ணில் ஒரு பங்கு வெறும் மரியாதைப் பதில்.

கட்சிக் கேள்வி இரண்டு படி

அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1952 முதல் இதை ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்டுவருகிறது. முதல் படி: பொதுவாக உங்களைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று கருதுகிறீர்களா, ஜனநாயகக் கட்சிக்காரரா, சுயேச்சையா? கட்சிப் பெயர் சொன்னால், தீவிரமாகவா, அவ்வளவாக இல்லையா என்று அடுத்த கேள்வி. சுயேச்சை என்றால், எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று அடுத்த கேள்வி. இப்படி ஏழு புள்ளி அளவுகோல் கிடைக்கிறது.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். முதல் படியோடு நிறுத்தினால் 40 சதவீதத்துக்கு மேல் 'சுயேச்சை' என்று வரும். உடனே 'நடுநிலையாளர்கள் பெருகிவிட்டார்கள்' என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். இரண்டாவது படியைக் கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சாய்ந்தவர்கள் வாக்களிப்பதும் கிட்டத்தட்ட கட்சிக்காரர்கள் மாதிரியேதான். எந்தப் பக்கமும் சாயாதவர் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறுவார்.

தேர்தல் வரைபட நிறத்திலும் கவனம் தேவை. நம் கண்ணுக்குச் சிவப்பு என்றால் இடதுசாரி. அங்கே 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சிவப்பு குடியரசுக் கட்சிக்கே நிலைத்துவிட்டது.

லேபிளும் கொள்கையும் ஒன்றல்ல

'கன்சர்வேட்டிவ்' (பழமைவாதி), 'லிபரல்' (தாராளவாதி) என்று தம்மைச் சொல்லிக்கொள்வதை வைத்து ஒருவர் எந்தத் திட்டத்தை ஆதரிப்பார் என்று ஊகிக்காதீர்கள். முடிந்தால் மாநிலங்களில் நடக்கும் நேரடி வாக்கெடுப்பு முடிவுகளோடு ஒப்பிடுங்கள். 2020 நவம்பரில் ஃப்ளோரிடா டிரம்ப்புக்குச் சுமார் 51 சதவீதம் கொடுத்தது. அதே நாளில் குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஏறத்தாழ 61 சதவீதம் கொடுத்தது. அங்கே திருத்தம் நிறைவேற 60 தேவை. கலிஃபோர்னியா அன்றே பைடனுக்கு 63 சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிட்டு, அரசு வேலையிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் இனத்தைக் கணக்கில் எடுக்க வழிவிடும் 16-ஆம் முன்மொழிவை 57 சதவீத எதிர்ப்போடு தள்ளியது. கட்சிப் பெயர் ஒட்டாத சீட்டில் மக்கள் வேறு மாதிரி எழுதுகிறார்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

வயது வாரியான அட்டவணையைப் படிக்கும்போது, கொள்கைக்கு முன்னால் கட்சி வருகிறது என்பதை மனதில் வையுங்கள். அரசியல் ஆய்வாளர்கள் ஜென்னிங்ஸ், நீமி இருவரும் 1965-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டார்கள். பெற்றோரின் கட்சிச் சார்பு பிள்ளைகளிடம் ஓரளவு நன்றாகவே இறங்கியிருந்தது. தனித்தனிப் பிரச்சினைகள் பற்றிய கருத்து அவ்வளவு இறங்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் வயது அடுத்த முக்கியக் கட்டம். வெர்மான்டில் உள்ள பென்னிங்டன் கல்லூரிக்கு 1930-களில் வசதியான, குடியரசுக் கட்சிக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள் பலர் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் 'புதிய ஒப்பந்தம்' (பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அரசு கொண்டுவந்த நிவாரண, வேலைத் திட்டங்கள்) பக்கம் மாறினார்கள். அவர்களை ஆராய்ந்த நியூகோம்ப் 1960-களில் மறுபடி தேடிப்போய்க் கேட்டபோதும் பெரும்பாலோர் மாறின இடத்திலேயே நின்றார்கள். ஆகவே '60 வயதினர் இப்படி நினைக்கிறார்கள்' என்ற எண்ணைப் பார்த்தால், அவர்களுக்கு 20 வயதானபோது யார் அதிபர் என்று கணக்குப் போடுங்கள். வயதின் விளைவு என்று தோன்றுவது தலைமுறையின் விளைவாக இருக்கலாம்.

'பொருளாதாரம் எப்படி இருக்கிறது?' என்ற கேள்வியைக் கட்சி வாரியாகப் பிரிக்காமல் பயன்படுத்தவே கூடாது. 2016 தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் குடியரசுக் கட்சியினரின் மதிப்பீடு எகிறியது, ஜனநாயகக் கட்சியினருடையது சரிந்தது. அந்த வாரத்தில் சம்பளமும் மாறவில்லை, விலைவாசியும் மாறவில்லை. அடுத்த அதிபர் யார் என்பதுதான் முடிவானது.

கணக்கு

1-ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தோராயமான பிழை வரம்பு கிடைக்கும். 1,000 பேர் என்றால் ±3 புள்ளி, 400 பேர் என்றால் ±5, 100 பேர் என்றால் ±10. இது ஒரு சதவீதத்துக்கான வரம்பு. இரண்டு வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 1,000 பேர் கணிப்பில் 48–45 என்றால் முன்னிலை உறுதி இல்லை. 1,000 பேரில் ஒரு சிறு பிரிவினர் 60 பேர்தான் இருந்தால், அந்தப் பிரிவின் எண்ணை எடுத்து எழுதாதீர்கள்.

மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்பதும் பொய். 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், பதில் எழுத மெனக்கெட்டவர்கள் மட்டுமே எழுதியதும் சேர்ந்து கவிழ்த்தன. 2016-இல் பல மாநிலக் கணிப்புகள் சறுக்கியதற்கும் உறவான ஒரு காரணம் உண்டு: பட்டதாரிகள் கணிப்புக்கு அதிகம் பதில் சொல்கிறார்கள், பல நிறுவனங்கள் அதைச் சரிக்கட்டவில்லை. செய்முறைக் குறிப்பில் வெயிட்டிங் (பதில் சொன்னவர்களின் கலவையை மக்கள்தொகையின் விகிதத்துக்குச் சரிக்கட்டுவது) என்ற பத்தியைத் தேடி, வயது, பாலினம், இனத்தோடு கல்வியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பழைய எண்ணோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வழியில் கேட்கப்பட்டவையா என்று சரிபாருங்கள். ஆள் தொலைபேசியில் கேட்டால் ஒரு பதில், திரையில் தானே அழுத்தினால் வேறு பதில் வருவது சகஜம். கேட்ட முறை மாறியிருந்தால் வரைபடத்தில் கோட்டை அந்த ஆண்டில் வெட்டிவிட்டு, அடுத்த புள்ளியிலிருந்து புதிதாக வரையுங்கள்.