ரோட்டைவிட நாலடி உயரம்: மதுரையில் வீடு கட்டுவோர் செய்யும் தப்புகள்

நான் வீடு கட்ட ஆரம்பித்தபோது கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, "ரோட்ல இருந்து எத்தனை அடி தூக்கணும் சார்?" பக்கத்து வீடு மூன்றடி. நான் நாலடி என்றேன். மறு வருஷம் எதிர்வீட்டுக்காரர் ஐந்தடி எடுத்தார். எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டியின் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் போக ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். எங்கள் எல்லோர் வீட்டு மழைத்தண்ணீரும் கடைசியில் போய் நிற்பது அங்கேதான். நான் கேட்டு வாங்கிய அந்த நாலடியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்தப் போட்டிக்குக் காரணம் ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போடுவதால் ஒவ்வொரு தடவையும் தெரு சில அங்குலம் ஏறிவிடுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இலேயே அரசு அறிவுறுத்தியது. ஆனால் ரோடு போட வரும் அன்றைக்குத் தெருவில் நாலு பேர் நின்று கேட்டால்தான் சுரண்டும் இயந்திரம் வருகிறது. எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தப்பு சாய்தளம். நாலடி உயரத்துக்கு கார் ஏற வேண்டும், வீட்டுக்குள் இடமில்லை, அதனால் வாய்க்காலின் மேல் சிமெண்டைக் கொட்டித் தெருவில் இறக்கிவிடுகிறோம். அதற்குக் கீழே குப்பை அடைத்தால் எடுக்க வழியே இல்லை. சாய்தளத்தைக் காம்பவுண்டுக்குள் வைக்க வேண்டும். முடியவில்லை என்றால் வாய்க்காலின் மேல் வரும் பகுதிக்காவது தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பிச் சட்டம் போடலாம்.

மனை வாங்கும்போதே நடக்கும் தப்பு ஒன்று உண்டு. தல்லாகுளம், பீபீகுளம், ஆத்திகுளம், மாடக்குளம், உலகனேரி என்று மதுரையில் பாதி இடங்களின் பெயரே அங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிடும். பட்டா சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மனையின் அளவைக் காட்டும் புல வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதை ஊரில் வயசான ஒருவரிடம் கேட்டால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இங்கே கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. ஒன்று நிரம்பி வழிந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி அது. நடுவில் உள்ள கால்வாயை மண் போட்டு மூடிவிட்டாலும் தண்ணீர் பழைய வழியில்தான் வரும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செல்லூர்க் கண்மாயின் உபரித் தண்ணீர் அப்போது வைகைக்குப் போனது பந்தல்குடி வாய்க்கால் வழியாக. அது எவ்வளவு ஒடுங்கிக் கிடக்கிறது என்பதை ஒரு தடவை நடந்து பார்த்தாலே போதும்.

சரி, வெயிலுக்கு வருவோம். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறோம். இணையத்தில் பார்க்கும் வீட்டு ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளுக்கோ வட இந்தியாவுக்கோ எழுதியவை. "தெற்குச் சுவருக்குத்தான் நிழல் தேவை, வடக்கில் கவலை இல்லை" என்பார்கள். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில். சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அதற்கப்புறம் ஆவணி பத்தாம் தேதி வாக்கில் வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் வரும். ஆக, வெயில் கொளுத்தும் மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

மேற்குச் சுவர் கதை வேறு. சாயங்கால வெயில் படுத்த வாக்கில் வருவதால் இரண்டடி சன்ஷேடு அதை ஒன்றும் செய்யாது. என் படுக்கையறை வாஸ்துப்படி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் உள்பக்கம் கை வைத்தால், தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனது போல இருக்கும். மத்தியானம் வாங்கிய சூட்டைச் செங்கல் அப்போதுதான் வீட்டுக்குள் விடுகிறது. ஏசி அதைத்தான் உறிஞ்சிப் பக்கத்து வீட்டுச் சந்தில் ஊதுகிறது. கன்னி மூலையை மாற்றச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அது எனக்குத் தெரியும். அறை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சுவருக்கு நிழல் கொடுங்கள். வெளியே ஒன்றரை அடி தள்ளி, ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோ, கொடி ஏறும் கம்பி வலையோ, இடமிருந்தால் புங்கையோ வைக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் அந்த ஒரு சுவரை மட்டும் எலிப்பொறிக் கட்டில் எழுப்பலாம். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விடும் முறை அது. கல்லும் மிச்சம்தான், ஆனால் பழக்கமுள்ள கொத்தனார் வேண்டும். மேற்கை முழுக்க அடைத்துவிடுவதும் தப்பு. ஆடியில் காற்று அடிப்பது அந்தப் பக்கமிருந்துதான்.

மாசி வீதிப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், அதில் வெயிலே படாது. நடுவில் முற்றம் இருக்கிறது, சூடான காற்று அது வழியாக மேலே போய்விடும். வாசலில் திண்ணை. இன்றைக்கு இடைவெளி விட்டுக் கட்டுகிறோம் என்று நாலு சுவரையும் வெயிலில் நிறுத்திவிட்டு, நடுவில் கிடைக்கும் மூன்றடிச் சந்தைப் பெருச்சாளிக்குக் கொடுத்துவிடுகிறோம். பைபாஸ் பக்கம் மேற்கைப் பார்த்து முழுக் கண்ணாடி போட்டு, அதற்குள்ளே பகலில் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கும் கடைகளைப் பற்றி நான் என்ன சொல்ல?

மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. அதிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரு குழாய் மண்ணுக்குள் போகிறது. போய் எங்கே சேருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் முழிப்பார். நம் ஊரில் கொஞ்சம் தோண்டினால் பாறை. மூன்றடிக் குழியில் ஜல்லியைப் போட்டு மூடினால் இரண்டு மழையில் வண்டல் அடைத்துவிடும். பழைய கிணறு இருந்தால் அதில் விடுவதுதான் உத்தமம். இல்லையென்றால் வடிகட்டி வைத்து, தரைக்கடியில் கட்டும் சம்ப் தொட்டியில் சேர்க்கலாம். வடிகட்டாமல் போர்வெல் குழாயில் நேராக விடுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாடி அழுக்கெல்லாம் நிலத்தடிக்குப் போய்விடும்.

கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இங்கே வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஏறக்குறைய 79,000 லிட்டர் வருகிறது. வழியில் போவது போக, 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லோடாவது தேறும். ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்துவிடும். அதனால் சம்ப் நிரம்பி வழியும் தண்ணீருக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டிக் குழாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

அப்புறம் முற்றத்துச் சிமெண்ட். சேறாகிறது என்று நானும் காம்பவுண்டு முழுக்கப் பேவர் பிளாக் போட்டேன், வேப்பமரத்தின் அடிவரைக்கும். இரண்டு கோடையில் மரத்தின் ஒரு பக்கக் கிளை காய்ந்தது. முற்றம் ராத்திரியிலும் கொதித்தது. போன பங்குனியில் பாதிக் கல்லைப் பெயர்த்து, மரத்தைச் சுற்றி நாலடி மண்ணைத் திறந்துவிட்டேன். பெயர்த்த கல் இன்னும் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிக் கிடக்கிறது. வாய்க்காலின் மேல் இருந்த சாய்தளத்தையும் உடைத்து உள்ளே இழுத்துக்கொண்டேன். காரை இப்போது கொஞ்சம் கோணலாகத்தான் நிறுத்த முடிகிறது.

பாட்டி வீட்டு வாசலில் போன மழைக்கு வைத்த மணல் மூட்டை அப்படியே இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். "ஐப்பசி போகட்டும்ப்பா, பாத்துக்கிட்டு எடுப்போம்" என்றார்.