மனச்சோர்வு மருந்தோடு தாதுச்சத்து மாத்திரை சேர்ப்பவர்களுக்கு

வேலூரில் பாகாயத்திலோ அடுக்கம்பாறையிலோ மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வருபவர்களில் சிலர், அசதிக்கும் தூக்கமின்மைக்கும் என்று மெக்னீசியம், துத்தநாகம், இரும்புச்சத்து மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளின் வேலையை இந்தத் தாதுக்கள் நேரடியாகக் கெடுப்பது அரிது. ஆனால் இரண்டின் பக்கவிளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது தொல்லை தொடங்குகிறது.

வாங்கும் முன் லேபிளை முழுவதும் படியுங்கள். மெக்னீசியம் ஆக்சைடு 400 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் உள்ள மெக்னீசியம் ஏறத்தாழ 240 மில்லிகிராம்தான். மாத்திரையாக எடுக்கும் மெக்னீசியம் நாளொன்றுக்கு 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வரையறை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ‘மன அமைதிக்கு’ என்று விற்கப்படும் கலவைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அல்லது உடலில் செரட்டோனினாக மாறும் 5-எச்.டி.பி. இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மனச்சோர்வு மருந்தோடு அவை சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்து, உங்கள் வயிற்றைக் கவனியுங்கள். செர்ட்ராலின் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மெக்னீசியம் அதைக் கூட்டும். அமிட்ரிப்டிலின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்து மலச்சிக்கலைத் தரும். இரும்பும் கால்சியமும் அதை இறுக்கும். எஸ்சிட்டலோபிராம் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு நீடித்து, பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்துபோனால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம் என்பதால், அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

இரும்பு மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பது இயல்பு. செர்ட்ராலின் வகை மருந்துகளோடு ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ சேரும்போது குடலில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. அப்போதும் மலம் கறுப்பாகத்தான் போகும். தார்போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் போனாலோ, தலைசுற்றலும் மூச்சிரைப்பும் சேர்ந்தாலோ, இரும்பின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலூர்க் கத்திரி வெயிலில் எனக்கு மிகவும் கவலை தருவது முதியவர்களின் நிலைதான். மனச்சோர்வு மருந்து, குறிப்பாகத் தொடங்கிய முதல் சில வாரங்களில், இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். நீர் பிரிக்கும் இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கெண்டைக்கால் இழுப்பு, தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வரும்போது, வீட்டார் ‘சத்துக் குறைவு’ என்று மெக்னீசியம் வாங்கிக் கொடுத்து, வெறும் தண்ணீரையும் நிறையக் குடிக்கச் சொன்னால் குறைந்த சோடியம் மேலும் குறையலாம். முதலில் சோடியம் அளவை இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். பேச்சில் குழப்பமோ வலிப்போ வந்தால் அது அவசரநிலை.

நேரத்தைப் பிரிப்பது எளிது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம், மெக்னீசியத்துக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள். இரும்பைக் காபி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாறுடன் எடுக்கலாம். துத்தநாகம் வெறும் வயிற்றில் குமட்டும்; உணவுக்குப் பின் எடுங்கள். சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எழுதித் தந்திருந்தால், தாதுக்கள் அவை உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், அந்த நாட்களில் தாது மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எல்லா மாத்திரை அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லுவதைவிட அது நம்பகமானது. சத்து மாத்திரையால் தெம்பு வந்தது என்று மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். குறைப்பதையும் மருத்துவரே படிப்படியாகச் செய்யட்டும். இரவு நேரத்தில் மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.